ஹெல்மெட்டோடு எடுத்த ரிசெப்டர் பாடம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. முட்டை வாங்கினால் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பேன். பெட்ரோல் நிலையத்தில் மீட்டர் சைபரில் இருந்துதான் தொடங்குகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஆறாம் வகுப்பில் எனக்குப் பரிசு என்று அறிவித்தபோது, பெயரை மாற்றிப் படித்துவிட்டார்களோ என்று மேடை ஏறாமல் நின்றவன். (மாற்றித்தான் படித்திருந்தார்கள். அன்றிலிருந்து என் சந்தேகத்தின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.)

அந்த மரியாதை மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு வியாழக்கிழமை காலை, பதினொரு பெண்களுக்கு முன்னால் சந்தி சிரித்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பினாங்கில் முதுகலை ஆய்வை முடித்துவிட்டு, ஆய்வேடு எழுதுவதற்காகச் சிம்மோர் பக்கத்தில் இருக்கும் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்திருந்தேன். ரப்பர் எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தை இடித்தபிறகு வாங்கிய வரிசை வீடு அது. அம்மா அந்த எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவர். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இந்த இரண்டு பேருக்கும் பிறந்த ஒரே பிள்ளை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு செல்லை ஆராய்கிறது என்றால், அதன் தலை எவ்வளவு வீங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

என் ஆய்வு செல்லின் தோலைப் பற்றியது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அதில் புரதங்கள் பதிந்திருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ரிசெப்டர் என்று பெயர். வெளியே இருந்து வரும் சேதியை வாங்கி, உள்ளே "வளரு", "சும்மா இரு" என்று சொல்வது அவற்றின் வேலை. நான் படித்தது அந்த ரிசெப்டரைக்கூட அல்ல, அதை ஒட்டிக்கொண்டு நிற்கும் இன்னொரு சவ்வுப் புரதத்தை. ரிசெப்டர் சேதி சொல்லி முடித்ததும் அதன் வாயை மூடி உள்ளே இழுத்துக்கொண்டு போவது அந்தப் புரதம்தான். நல்ல உடம்பில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கும். புற்றுநோய் வந்த செல்லில் ரிசெப்டர்கள் அளவுக்கு மீறிக் கூடிவிடும், அல்லது வாயை மூடுகிற ஆள் காணாமல் போய்விடுவான். அப்புறம் யாரும் கூப்பிடாமலே செல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதைக் கண்ணாடித் தட்டில் வளரும் மார்புப் புற்றுநோய் செல்களில் இரண்டு வருடம் பார்த்தேன். தீபாவளிக்குக்கூட ஒரே நாள்தான் வீட்டுக்கு வந்தேன். செல்களுக்கு வேளை தவறாமல் தீனி மாற்ற வேண்டுமே.

நான் பினாங்கில் இருந்த கடைசி மாதங்களில் அம்மா ஒருநாள் போன் செய்து, "தம்பி, நீ என்னமோ ரிசெப்டர்னு படிக்கிறியே, அது என்னடா?" என்று கேட்டார். அதுவரை "சாப்பிட்டியா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்காத அம்மா. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது நிமிடம் விளக்கினேன். முட்டையைச் சந்தேகப்படுகிற எனக்கு அந்தக் கேள்வியில் மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வந்தது. அம்மாவின் நடவடிக்கை எதுவும் சரியில்லை.

முதலாவது, போன். நான் பக்கத்தில் போனால் கவிழ்த்து வைத்தார். ஒருமுறை மட்டும் திரையில் "வியாழன் தோழிகள்" என்று ஒரு வாட்ஸ்அப் குழுவின் பெயரைப் பார்த்துவிட்டேன். இரண்டாவது, வியாழக்கிழமை காலையானால் பக்கத்து வீட்டு மேரி ஆண்டியின் காரில் ஏறி மறைந்துவிடுவார். அன்றைக்கு நன்றாகத் திரும்பி வந்தார், கைப்பையில் கறிபாப் பலகார வாசத்தோடு. சில வாரம் வெள்ளிக்கிழமையும் அதே காரில் போனார், அன்றைக்கு வந்ததும் படுத்துக்கொண்டார். மறுநாளெல்லாம் வாந்தி. கேட்டால், "கேஸ்ட்ரிக் லா தம்பி. பெருசா ஒன்னும் இல்ல."

மூன்றாவதுதான் பெரிய மர்மம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள். இடுப்பு உயரத்தில் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறியிருந்தன. வாரத்துக்கு ஒரு கோடு கூடியது. "என்னாமா இது?" என்றால், "சுவரு எறங்குதான்னு பாக்குறேன்" என்றார். சுவர் இறங்கினால் கோடு ஏன் ஏற வேண்டும்?

நான்காவது, மொட்டை. நான் வந்து இறங்கியபோது அம்மாவின் தலையில் முடியே இல்லை, பூப்போட்ட துண்டு ஒன்று கட்டியிருந்தார். "உன் படிப்பு நல்லபடியா முடியணும்னு மலக்கோயில்ல வேண்டிக்கிட்டேன்டா. போயி எறக்கிட்டு வந்துட்டேன்" என்றார். இதை மட்டும் அப்படியே நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் உருகினேன். ஆய்வேட்டின் நன்றியுரையில், "என் ஆய்வுக்காகத் தன் கூந்தலைத் துறந்த அன்னைக்கு" என்று அன்றைக்கே தட்டச்சு செய்துவிட்டேன். எனக்காக ஒருத்தர் மொட்டை போடுவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நான்தான் அவ்வளவு முக்கியமான ஆளாயிற்றே!

அப்பாவை விசாரித்தேன்.

"அம்மா எங்கப்பா போறாங்க?"

"பசாருக்கு."

"வியாழக்கெழம ஆனா மூணு மணி நேரம் பசாரா?"

"மீனு வாங்க வேணாமா?"

"மீனே வாங்கிட்டு வரலயே."

"மீனு நல்லா இல்லியாம்." அப்பா பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பத்திரிகை தலைகீழாக இருந்தது. "விடுடா லா. ஒன்னோட புத்தகத்த பாரு."

அதோடு எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மா நேரடி விற்பனைக் கும்பலில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் தாமானில் இது புதிதல்ல. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது ஒன்றை விற்றுக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டிலேயே ஒரு காலத்தில் காந்த மெத்தை இருந்தது. (அதில் படுத்த அப்பாவுக்கு முதுகுவலி போகவில்லை. கைக்கடிகாரம்தான் நின்றுபோனது.) ஆனால் வேடிக்கையோடு முடியாத கதையும் ஒன்று உண்டு. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்த மாமா ஒருவர், ஏதோ பழச்சாற்றை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அதே மாதிரி அம்மாவும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு எவனோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தால்? அந்த வாந்தியை "நஞ்சு வெளியாவுது லா" என்று எவளாவது சொல்லி நம்ப வைத்திருந்தால்? எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அம்மா இளைத்துக்கொண்டே வந்தார்.

பயத்தோடு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தவும் செய்தது. வியாழன் தோழிகள் என்றால் வாராந்திரக் கூட்டம். சுவரில் ஏறும் கோடுகள் என்றால் சில்வர், கோல்டு, டைமண்டு என்று பதவி உயர்வு. மேரி ஆண்டிதான் தலைவி. குப்பைத்தொட்டியைக் கிளறினேன், மருந்துப் புட்டி கிடைக்கவில்லை. தடயத்தை அழிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். என் மாதிரி ஆளிடம் தடயம் இருந்தாலும் குற்றம்தான், இல்லாவிட்டாலும் குற்றம்தான்.

அடுத்த வியாழக்கிழமை அவர்களைப் பின்தொடர்ந்தேன்.

அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மெட், எங்கள் ஊர் மோட்டார்க்காரர்கள் மாதிரி முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிய ஜாக்கெட். தூறிக்கொண்டிருந்தது. மேரி ஆண்டி காரை அவ்வளவு மெதுவாக ஓட்டினார், பின்தொடர்வதற்காகவே நான் இரண்டு முறை இறங்கிச் சங்கிலியைச் சரிபார்ப்பதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. ஈப்போவில் பழைய கடைவரிசை ஒன்றின் முன்னால் கார் நின்றது. கீழே டயர் கடை. மாடியில் ஒரு டியூஷன் சென்டரின் பெயர்ப்பலகை. பகலில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் டியூஷன் அறைகளை இப்படிப்பட்ட கூட்டங்களுக்குத்தானே வாடகைக்கு விடுவார்கள்!

ஐந்து நிமிடம் கழித்துப் படியேறிக் கதவோரம் நின்று கேட்டேன்.

ஒரு பெண்குரல் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது: "நம்ம ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் வெளிய காலிங் பெல்லு மாதிரி ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேருதான் ரிசெப்டர். பெல்லு அடிச்சா செல்லு வளரும்…"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. காந்தம் போய், பழச்சாறு போய், இப்போது என் ரிசெப்டரையே விற்க வந்துவிட்டார்களா? இரண்டு வருடம் தூங்காமல் நான் படித்ததை, டயர் கடை மாடியில் வைத்து என் அம்மாவிடமேவா?

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பள்ளிப்பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் தலையில் அம்மாவுடையது போலவே துண்டு. (யூனிபார்ம் என்று குறித்துக்கொண்டேன்.) சிலர் நெஞ்சில் ரோஸ் நிறச் சின்ன பேட்ஜ். (பதவி.) ஓரத்து மேசையில் கறிபாப். முன்னால் பஞ்சாபி உடையில் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், வெள்ளைப் பலகையில் செல் ஒன்றை வரைந்து வைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் மேரி ஆண்டிக்குப் பக்கத்தில் அம்மா. என்னைப் பார்த்ததும் அம்மாவின் வாய் திறந்தது. ஹெல்மெட் இருந்தாலும் ஜாக்கெட் அப்பாவுடையது அல்லவா.

"ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பெரிதாக, நீதிபதியின் குரல் மாதிரி கேட்டது.

"கேளுங்க தம்பி" என்றார் அந்தப் பெண், கொஞ்சமும் பதறாமல். (பதறாமல் இருப்பதற்கென்றே பயிற்சி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.)

"நீங்க சொல்ற ரிசெப்டரு எது?"

"ஹெர்-டூ."

"காலிங் பெல்லுன்னு சொன்னீங்க. பெல்லுன்னா அழுத்த ஆளு வேணும். ஹெர்-டூவுக்குன்னு தனியா வந்து அழுத்துற ஆளு யாருமே இல்ல. அது தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும் தம்பி. அது பக்கத்து பெல்லோட ஒட்டிக்கிட்டு அடிக்கும். அதத்தான் அடுத்ததா சொல்ல வந்தேன்."

சரியான பதில். எனக்குச் சந்தேகம் இரண்டு மடங்கானது. சாதாரண ஏஜெண்டு இல்லை, நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

"சரி. அந்த ரிசெப்டரு நல்ல செல்லுலயும்தான் இருக்கு. ஹார்ட்லயும் இருக்கு. நீங்க குடுக்கிற சாமான் போயி ஹார்ட்ட புடிச்சா யாரு பொறுப்பு?"

"அதுக்குத்தான் தம்பி மூணு மாசத்துக்கு ஒருக்கா ஹார்ட் ஸ்கேன் எடுக்கிறோம்."

எந்தப் பழச்சாறு விற்பவள் இருதய ஸ்கேன் எடுப்பாள்? அந்த இடத்திலாவது என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மண்டையைச் சுற்றித்தான் ஹெல்மெட் இருந்ததே.

"ஐயோ, லோகேசு…" என்று அம்மா எழுந்திருக்கப் பார்த்தார். மேரி ஆண்டி அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இரு சரசு. பையன் பேசட்டும் லா. எவ்ளோ தூரம் போறான்னு பாப்போம்."

நான் ரொம்ப தூரம் போனேன். பெண்கள் பக்கம் திரும்பி, பத்து நிமிடம் பேசினேன். சவ்வு என்றால் என்ன, ரிசெப்டரை அடக்கி வைக்கும் புரதம் எது, அது போய்விட்டால் என்ன ஆகும், அதை எவனும் புட்டியில் அடைத்து விற்க முடியாது என்றெல்லாம் முழங்கினேன். பலகையில் இருந்த படத்தை அழித்துவிட்டு என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயப் படத்தை வரைந்தேன். முகக்கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கிப்போக, பாதி படம் பலகைக்கு வெளியே சுவரில் போனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதையும் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக, வாழ்நாள் முழுக்க என்னைத் துரத்தப்போகிற அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"இவ்ளோ பேரு வேல வெட்டிய விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்களே, ஒங்கள்ல யாருக்காச்சும் அந்த கேன்சர் நோயி இருக்கா? இருந்தா கைய தூக்குங்க பாப்போம்!"

முதல் வரிசையில் ஒரு கை எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பின்வரிசையில் இரண்டு. மேரி ஆண்டியின் கை, கத்தோலிக்கக் கோயிலில் சத்தியம் செய்கிறவர் மாதிரி நேராக. ஓரத்தில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர், எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடுபவர், தமிழ் புரியாமல் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஓ!" என்று தானும் தூக்கினார். பிறகு, பலகைக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணே மார்க்கர் பேனாவோடு தன் கையைத் தூக்கினார்.

கடைசியாக அம்மா.

இடது கை. மெதுவாக வந்தது. தோள் உயரம் வந்ததும் நின்றுவிட்டது. வெட்கத்தால் நிற்கிறது என்று நினைத்தேன். மேரி ஆண்டி அம்மாவின் முழங்கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "எட்டுற வரைக்கும் போதும் சரசு. போன வாரத்துக்கு இப்ப பரவால்ல" என்றார்.

அப்போதுதான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்த கோடுகள் எனக்கு விளங்கின. மார்புப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் சுவரில் விரலால் ஏறி ஏறிக் கையைப் பழக்குவார்கள். இதையும் நான் படித்திருந்தேன், ஏதோ ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில்.

நான் செய்த அடுத்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏற்கெனவே மூடியிருந்த முகக்கண்ணாடியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே நான் அழுதது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். விசும்பல் சத்தம்தான் அறை முழுக்கக் கேட்டதாம்.

"தம்பி, ஒக்காருங்க" என்றார் அந்தப் பெண். அவர் மருத்துவமனை மிஸ்ஸி, அதாவது நர்ஸ், விடுமுறை நாளில் வந்து நோயாளிகளுக்குப் பாடம் எடுப்பவர் என்று பிறகுதான் தெரிந்தது. குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். யாரோ கையில் ஒரு கறிபாப்பைக் கொடுத்தார்கள். மரியாதைக்கு அதை வாய்க்குக் கொண்டுபோனேன். அது முகக்கண்ணாடியில் மோதி உடைந்து, உருளைக்கிழங்கெல்லாம் மடியில் கொட்டியது. பதினொரு பெண்களும் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அப்போது விட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா பத்திரிகையை இந்தத் தடவை நேராகப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லல? விடுடான்னு சொன்னேன்ல?" என்றார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பினாங்கில் இருந்தபோதே கட்டி தெரிந்திருக்கிறது. "தெலுக் இந்தான்ல சித்தி வீட்டுக்குப் போயிருக்கோம்" என்று அவர்கள் என்னிடம் சொன்ன இரண்டு வாரமும் மருத்துவமனையில்தான் இருந்திருக்கிறார்கள். அப்புறம் முடி கொட்ட வைக்கும் மருந்து, அதோடு ஹெர்-டூவைப் பிடித்து அடக்கும் ஊசி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வாந்தி வர வைத்த மருந்து முடிந்துவிட்டது, ஊசி மட்டும் இன்னும் பாதி பாக்கி இருந்தது.

"இனிமே நான் போமாட்டேன்" என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்? கூட்டமும் வேணாம், ஊசியும் வேணாம்."

அம்மா மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்றுதானே மோட்டாரில் ஏறினேன்? இப்போது நிறுத்தப்போகிறார், என்னால். அந்த ஊசியைப் பாதியில் விட்டால் என்ன ஆகலாம் என்று அந்தத் தாமானில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாருமில்லை.

கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். "எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"ஆம்பளப் புள்ளகிட்ட எந்த எடம்னுடா சொல்லுவேன்?" என்றார். பிறகு, "சொல்லணும்னுதான் அன்னைக்குப் போன் பண்ணேன். அந்த ரிசெப்டரு ஜாஸ்தியா இருந்தா செத்துருமான்னு கேட்டேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நாற்பது நிமிட விளக்கத்தின் கடைசியில் நான் சொன்னது: "செத்தா என்னாமா? குப்பையில போட்டுட்டு வேற எடுத்துக்குவோம் லா." தட்டில் இருந்த செல்களைச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன்.

இதற்கு மேல் என்னைக் கிண்டல் செய்துகொள்ள எனக்கே மனம் வரவில்லை. அந்தத் தட்டில் இருந்த செல்களும் எப்போதோ, எங்கேயோ ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து வந்தவைதான். இரண்டு வருடம் தீனி போட்டேன். அவள் யார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"மன்னிச்சிடுமா" என்றேன். கதவு திறக்கவில்லை.

"அந்த மொட்டையும் பொய்தானே?" என்று கேட்டேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. (சந்தேகம் அந்த நேரத்திலும் விடவில்லை பாருங்கள்.)

"பொய் இல்ல" என்றார் அம்மா கோபமாக. "முடி எப்படியும் கொட்டிப்போவும்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்க. சும்மா கொட்டுறதுக்கு, எம்புள்ள படிப்புக்காவது போவட்டும்னு நானே போயி எறக்கிட்டு வந்தேன்."

அடுத்த வியாழக்கிழமை நான் மட்டும் அந்த மாடிக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கீழேயே மாட்டிவிட்டு. ஜாக்கெட்டையும் நேராகப் போட்டுக்கொண்டு. பதினொரு பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் அம்மாவுக்கு ஊசி இருக்கிறது, வரமாட்டேன் என்கிறார், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன்.

மிஸ்ஸி யோசித்தார். "மன்னிச்சிட்டோம். ஆனா தண்டன உண்டு. அன்னைக்கு என் படத்த அழிச்சிட்டு என்னமோ வரஞ்சீங்களே, அத இன்னைக்கு ஒழுங்கா வெளக்குங்க."

மேரி ஆண்டி வீடியோவில் அம்மாவை அழைத்து, போனை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். திரையில் அம்மாவின் தலைத்துண்டும் முறைத்த முகமும் தெரிந்தன. நான் வியர்க்க வியர்க்க விளக்கினேன். சவ்வு, ரிசெப்டர், அதன் வாயை மூடும் புரதம் எல்லாம் சொல்லி முடித்தேன். பெண்கள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதி என்னை ஏமாற்றிவிட்டது. பட்டும் திருந்தாத வாய், தானாகவே கேட்டது:

"புரியாதவுங்க கைய தூக்குங்க."

பதினொரு கைகளும் எழுந்தன. மிஸ்ஸியின் கையும்தான். மக்சிக் இரண்டு கைகளையும் தூக்கினார்.

போனுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு நிற்கவில்லை, இருமல் வந்து, அப்பா தண்ணீர் கொண்டுவர ஓடும் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம் திரையின் ஓரத்தில், தோள் உயரத்துக்கு, ஒரு இடது கை எட்டிப் பார்த்தது.

மறுநாள் காலை அம்மா தானாகவே மேரி ஆண்டியின் காரில் போய் ஏறினார். பின்சீட்டில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். மிச்சமிருந்த ஊசிகள் எதையும் அவர் தவறவிடவில்லை. நானும் எதற்கும் கூடப் போகாமல் இருந்ததில்லை. (ஊசி மருந்தின் புட்டியை வாங்கிக் காலாவதித் தேதியைப் படித்துப் பார்த்ததற்காக, மிஸ்ஸியிடம் இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் வாயால் பதில் சொல்வதில்லை. "யாரு சாவிய எடுத்தது?" என்றால் ஒரு கை எழும். "யாருக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு?" என்றால் மூன்று. தைப்பிங்கில் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், கொட்டுகிற மழையில், பெண்ணின் அப்பா நாகரிகமாக, "மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் கொற இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா இடது கையைத் தூக்கினார். கதை முழுவதையும் சொன்னார், கறிபாப் உடைந்த இடத்தை இரண்டு தடவை. அந்த வீட்டுப் பெண் சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்று கேட்டாள். இப்போது அவளும் எங்கள் வீட்டில் கை தூக்குகிறாள்.

இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூசினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்ததும் நின்றேன். பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன, இடுப்பிலிருந்து மேலே, மேலே.

"இதையும் அடிச்சிடவா? யாருக்காச்சும் ஆட்சேபன இருக்கா?" என்று குரல் கொடுத்தேன்.

அப்பாவின் கை எழுந்தது. என் மனைவியின் கை எழுந்தது. அடுப்படியில் நின்ற அம்மா, வலது கையில் கரண்டியை வைத்துக்கொண்டு, திரும்பாமலே இடது கையைத் தூக்கினார். அது காதை ஒட்டிக்கொண்டு நேராகப் போனது, சுவரின் கடைசிக் கோட்டையும் தாண்டி. ஒவ்வொரு தடவையும் அது எவ்வளவு உயரம் போகிறது என்று நான் பார்த்துவிடுவேன். போன தடவையைவிட ஒரு விரல் குறைந்துவிட்டதோ என்று ஒரு பயம். மற்றச் சந்தேகமெல்லாம் குறைந்துவிட்டது, அது மட்டும் போகவில்லை.

குறையவில்லை. கதவுக்குப் பின்னால் மட்டும் இன்னும் பழைய சாயம்தான்.